லினார்ட் வாய் திறக்காத காலை

மனைவி ஐதா ஸ்பானரைக் கையில் எடுத்தபோதே லினார்ட் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

ஸ்பானர் நேராக அவருடைய சைக்கிளின் கைப்பிடிக்குப் போனது. அங்கே மூன்று பித்தளைக் குழல் வைத்த ஹாரன் ஒன்று காளையின் கொம்புபோல நின்றுகொண்டிருந்தது. அவர் ஓய்வுபெற்ற அன்று பஸ் டிப்போவில் எல்லோரும் சேர்ந்து கொடுத்த பரிசு அது. தபாலையும் பயணிகளையும் ஏற்றிப் போகும் மஞ்சள் தபால் பஸ்ஸை முப்பத்தாறு வருடம் ஓட்டிய மனிதருக்குக் கைக்கடிகாரம் கொடுப்பது வீண், அவரே ஒரு கடிகாரம்தான் என்று யோசித்து, உடைசலுக்குப் போன பழைய பஸ் ஒன்றிலிருந்து கழற்றி, சின்ன பேட்டரி வைத்துப் பூட்டிக் கொடுத்திருந்தார்கள்.

டூ-டா-டோ என்று மூன்று ஸ்வரத்தில் அது கத்தினால், மலை வளைவில் எதிரே வருகிறவர் மந்திரியாகவே இருந்தாலும் ஓரம் கட்ட வேண்டும். தபால் பஸ் டிரைவர் பின்னால் போ என்று கைகாட்டினால் பின்னால் போக வேண்டும். எங்கள் மலைச்சாலைகளில் அதுதான் சட்டம். சைக்கிளுக்கு அந்தச் சட்டம் கிடையாது என்பதை லினார்டிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்ல வந்தவர்களுக்கு அவர் பேச்சின் நடுவே இடம் கிடைக்கவில்லை.

மே மாதம் அவர் முதன்முதலாகப் பழைய சாலையில் சைக்கிள் விட்ட கதையை ஃபுசேரா பள்ளத்தாக்கில் கேட்காதவர் கிடையாது. சுரங்கப்பாதை திறந்து மூன்று வருடம் ஆகிறது. பஸ், கார், லாரி எல்லாம் மலைக்குள் புகுந்து போகின்றன. ஆற்றின் விளிம்பில் வளைந்து ஏறும் பழைய சாலையை சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மாட்டுக்கும் விட்டுவிட்டார்கள். அந்தச் சாலையில் பூனை நடந்தால் காலடி கேட்கும். அதில் லினார்ட் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு போனார். இரண்டு ஜெர்மன்காரர்கள் காஞ்சொறிப் புதருக்குள் இறங்கினார்கள். ஒரு பாதிரியார் சைக்கிளோடு மண்டியிட்டார். மூன்று மாடுகளுக்குப் பால் வற்றிவிட்டது என்று மாட்டுக்காரர் இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

ஐதா ஹாரனைக் கழற்றி சமையலறை மேசைமேல் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப கேட்டுக்கோ. இங்கிருந்து மேல க்ரெஸ்டா வரைக்கும் பதினோரு கிலோமீட்டர். குர்தின் சாப்பாட்டுக்கடையில போய் இறங்குற வரைக்கும் உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரக்கூடாது. நான் முன்னாடி போவேன், திரும்பிப் பாக்க மாட்டேன். நீ பின்னாடி வரணும். சத்தமில்லாம."

"தும்மல் வந்தா?"

"முழுங்கிடு."

"நான் ஜெயிச்சா?"

"செப்டம்பர்ல உன்னையும் கூட்டிட்டுப் போறேன்."

"தோத்தா?"

"நானும் மெங்கியாவும் போறோம். நீ வீட்ல இருந்து கடிகாரத்துக்குக் கதை சொல்லு."

இதுதான் விஷயம். செப்டம்பரில் ஐதாவும் அவருடைய சிநேகிதி மெங்கியாவும் இன் நதி பிறக்கும் இடத்திலிருந்து அது டான்யூபில் போய்ச் சேரும் பாஸாவ் நகரம் வரைக்கும் ஆற்றங்கரைப் பாதையிலேயே சைக்கிளில் போவதாக இருந்தார்கள். பன்னிரண்டு நாள். வழியெல்லாம் வாகனமே வராத பாதை. ஐதா இந்தப் பள்ளத்தாக்கின் ஒரே மருந்துக்கடையில் நாற்பது வருடம் நின்றவர். ஊரார் இருமலையும் மூலத்தையும் மாமியாரையும் பற்றிப் புலம்பியதை எல்லாம் அந்தக் காதுதான் வாங்கியது. ஓய்வுபெற்ற மறுநாள் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: சத்தமில்லாத ரோடு. அது கிடைத்தது. வாரம் நான்கு நாள் அதில் தனியாகப் போய் வந்தார். பிறகு லினார்டும் ஓய்வுபெற்றுவிட்டார்.

லினார்டுக்கு இந்தப் பயணம் எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அவர் வெளியே சொன்னதில்லை. வேறு எல்லாவற்றையும் சொல்கிற வாய் இதற்கு மட்டும் பூட்டிக்கொண்டது. போன மாதம் ஐதா ஒரு நாள் தங்கையைப் பார்க்கப் போயிருந்தபோது, அவர் காலை ஆறு பதினாலுக்கு எழுந்து, ஆறு ஐம்பத்திரண்டுக்கு வாசலில் போய் நின்றார். எதற்காக நிற்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. தோற்றால் அப்படிப் பன்னிரண்டு நாள் நிற்க வேண்டும்.

"சரி" என்றார். அன்று காலை அவர் சொன்ன கடைசி வார்த்தை அது.

ஒன்பது நாற்பத்தைந்துக்குக் கிளம்பினார்கள். அதுவும் அவருக்கு வேதனையான நேரம். மேலே போகும் பஸ் எப்போதும் பத்து இருபத்தைந்து. நாற்பது நிமிடம் சீக்கிரம் என்று சொல்ல நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டார்.

முதல் கிலோமீட்டரில் ஐதாவின் முதுகு நீல நிறத்தில் முன்னால் ஆடாமல் போனது. சக்கரம் சரசரவென்று சரளையை நகர்த்தியது. லினார்டுக்குள் பேச்சு ஏறிக்கொண்டே வந்தது. பாஸ்கோல் வளைவு வந்தது. "இதோ இங்கதான் எழுபத்தெட்டுல பனிச்சரிவுல ஒரு பியானோ வண்டி மாட்டிக்கிச்சு, பியானோவை மட்டும் வெளியே எடுத்தோம், நல்லா வாசிச்சுது" என்பது இந்த இடத்தில் அவர் பயணிகளிடம் சொல்லும் கதை. சுரங்கப்பாதை வரும்வரை முப்பத்து மூன்று வருடம், ஒரு நாளைக்கு ஆறு தடவை சொன்னது. கதை தொண்டைவரை வந்தது. விழுங்கினார். உருளைக்கிழங்கை முழுசாக விழுங்கியதுபோல வலித்தது.

இரண்டாவது கிலோமீட்டரில் இடிந்த சுண்ணாம்புக் காளவாய். அதற்கு இரண்டு கதை. மூன்றாவதில் கரடி நின்ற பாறை. அந்தக் கரடி முதலில் நாய்க்குட்டி அளவுதான் இருந்தது. வருடா வருடம் லினார்ட் வாயில் தின்று வளர்ந்து, கடைசியில் பஸ்ஸின் கண்ணாடியை நக்கியது. அதையும் விழுங்கினார். ஐந்தாவது கிலோமீட்டர் வரும்போது அவர் வயிற்றில் ஒரு நூலகமே இருந்தது. ஐதாவின் முதுகைப் பார்த்தார். திரும்பவில்லை. தோளிரண்டும் தளர்ந்து, சின்னப் பெண் யாரோ போவதுபோலப் போய்க்கொண்டிருந்தது அந்த முதுகு. இந்தத் தோளை இப்படிப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு பிடிபடவில்லை.

ஆறாவது கிலோமீட்டரில்தான் அது நடந்தது.

சாலை அங்கே பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒற்றை வண்டி அகலத்துக்குச் சுருங்கும். சுருங்குவதற்கு முன்னால் பாறையைக் குடைந்து ஒரு ஒதுங்குமிடம் வைத்திருக்கிறார்கள். லினார்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது. பிரேக்கைப் பிடித்தார். ஒதுங்குமிடத்தில் சைக்கிளைத் திருப்பி, பாறையோரம் ஒட்டி நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக் காத்திருந்தார்.

யாருக்காக? பத்து நாற்பத்திரண்டுக்காக. மேலேயிருந்து இறங்கி வரும் பஸ்ஸுக்காக. முப்பத்து மூன்று வருடமும் இந்த இடத்தில், இந்த நிமிடத்தில், ஏறுகிற பஸ் ஒதுங்கி நிற்கும். இறங்குகிற பஸ் கடந்து போகும். அதை ஓட்டும் துமாஷ் இரண்டு விரலைத் தூக்குவான். லினார்ட் இரண்டு விரலைத் தூக்குவார். ஊரில் எல்லோரிடமும் பேசிய லினார்ட், தினமும் பார்த்த துமாஷிடம் கண்ணாடியை இறக்கிப் பேசியது மொத்தம் நான்கு தடவை. அதில் இரண்டு தடவை பனி பற்றி.

பத்து நாற்பத்திரண்டு ஆயிற்று. பத்து நாற்பத்து மூன்று ஆயிற்று. 'துமாஷ் லேட்டா? துமாஷா?' என்று லினார்ட் நிஜமாகவே கவலைப்பட்டார். பத்து நாற்பத்து நான்குக்குத்தான் அவருக்கு உறைத்தது. அந்த பஸ் மூன்று வருடமாக இந்த வழியில் இல்லை. துமாஷ் கீழே நகரத்தில் மகள் வீட்டில் தக்காளி வளர்க்கிறான். தான் உட்கார்ந்திருப்பது பஸ் இல்லை, சைக்கிள்.

சிரிப்பு வந்தது. சத்தமில்லாமல் சிரித்தார், பந்தயம் ஆயிற்றே. சிரித்து முடித்து மிதிக்கப் போனபோது, காலுக்குக் கீழே எங்கோ 'டொக்' என்றது.

நின்றார். மறுபடியும் டொக். பிறகு தூரத்தில் இரண்டு, டொக் டொக்.

அறுபதடி ஆழத்தில் பனியாறு உருகி ஓடும் தண்ணீர், சாம்பல் நிறத்தில், பால் பொங்குவதுபோலப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் சத்தம் அவருக்குத் தெரியும். இது தண்ணீர் இல்லை. சாலையோரச் சுவரில் மார்பை வைத்துக் குனிந்து கேட்டார். ஆற்றின் அடியில் கற்கள் உருண்டுகொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாமல், தண்ணீருக்கு உள்ளே, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, பாத்திரக்கடையை யாரோ மெதுவாக வேறு ஊருக்கு மாற்றுவதுபோல, மலை கீழே நகர்ந்துகொண்டிருந்தது.

முப்பத்து மூன்று வருடம். நாளைக்கு ஆறு தடவை. லினார்டுக்குக் கணக்கு வாயில் வரும்: ஐம்பதாயிரம் தடவை இந்த இடத்தைக் கடந்திருப்பார். ஒரு தடவை கூட இதைக் கேட்டதில்லை. அடியில் டீசல் எஞ்சின், மேலே அவர் வாய். எது இடம் கொடுத்திருக்கும்?

சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுச் சுவர்மேல் உட்கார்ந்தார். இப்போது வேறொன்று கேட்டது. தலைக்கு மேலே, கல் விழாமல் இருக்கப் பாறையின்மேல் போர்த்தியிருந்த கம்பிவலை, வெயில் ஏற ஏற 'டிங்... டிங்' என்று ஒவ்வொரு முடிச்சாகச் சோம்பல் முறித்தது. பிறகு ஒரு தத்துக்கிளி. பிறகு பாறையிலிருந்து சொட்டும் நீர், ஒழுங்கே இல்லாமல். ஒழுங்கில்லாத சொட்டு அவரைத் தொந்தரவு செய்தது. அடுத்தது எப்போது விழும் என்று காத்திருந்தார். நினைத்த நேரத்துக்கு விழவில்லை. மறுபடி காத்திருந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக, நேரத்துக்கு வராத ஒன்றின்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை.

வயிற்றில் முட்டிக்கொண்டிருந்த கதைகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. ஐதா அடிக்கடி இங்கே வந்து என்ன செய்கிறாள் என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லும் முன்பே தானே பதிலையும் சொல்லியிருப்பார். இதைத்தான் கேட்டுக்கொண்டு போவாளா? இல்லை, அவளுக்கு மேலே வேறு இடம் இருக்கிறதா, வேறு சத்தம் இருக்கிறதா? கேட்க வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இரண்டாவது பகுதிதான் கஷ்டம்.

கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனார். இது எழுத்துப் பிழை இல்லை. லினார்ட், கடிகாரத்தை, பார்க்க மறந்துபோனார்.

அப்போதுதான் மேலேயிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"டூ-டா-டோ!"

லினார்ட் துள்ளி இறங்கி, சைக்கிளை இழுத்துப் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றார். உடம்பு யோசிக்காமல் செய்த வேலை. பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது. இது பித்தளைக் குழல் இல்லை. ஸ்வரம் பிசகியிருக்கிறது. இது ஒரு மனிதத் தொண்டை. அதுவும் நாற்பது வருடம் மருந்துக்கடையில் தாழ்ந்த குரலில் 'சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு' என்று சொல்லிப் பழகிய தொண்டை.

"டூ-டா-டோ! லினார்ட்! டூ-டா-டோ!"

வளைவில் திரும்பி ஐதா வந்தார். தலைமுடி பிரிந்து, முகம் பீட்ரூட் நிறத்தில். அவருக்குப் பின்னால் குர்தின், க்ரெஸ்டாவின் சாப்பாட்டுக்கடைக்காரர், இடுப்பில் ஏப்ரனோடு, தோளில் கயிற்றுச் சுருளோடு சைக்கிளில். அவருக்குப் பின்னால் பள்ளத்தாக்கின் மலை மீட்புக் குழு முழுவதும், அதாவது இன்னும் மூன்று பேர், வாயில் சூப் காயாமல். கடைசி இரண்டு பேர் ஒரு ஸ்ட்ரெச்சரின் இரு முனையையும் ஆளுக்கொரு சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஒருவன் பிரேக் பிடித்தால் இன்னொருவன் ஆற்றுக்குள் போகிற மாதிரி வந்துகொண்டிருந்தார்கள்.

ஐதா சைக்கிளைக் கீழே போட்டார். லினார்டைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். எங்கும் உடையவில்லை என்று தெரிந்ததும் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"எங்கய்யா போன?"

லினார்ட் வாயைத் திறந்தார். மூடினார். விரலால் மேல் பக்கம் க்ரெஸ்டாவைக் காட்டினார். இன்னும் போய்ச் சேரவில்லையே, பேசினால் தோற்றுப்போய்விடுமே.

"பந்தயம் கிடக்கட்டும், வாயைத் திற!"

"இங்கதான் இருந்தேன்."

"ஒரு மணி நேரமாவா?"

"ஒரு மணி நேரம் ஆச்சா?" என்றார் லினார்ட், நிஜமான ஆச்சரியத்தோடு.

குர்தின் கயிற்றைக் கீழே இறக்கினார். "ஐதா, இவனுக்குத் தலையில அடிபட்டிருக்கு. மணி என்னன்னு கேக்கறான், பாரு."

"ஏம்ப்பா, நாலு பேரும் சைக்கிள்லயா வந்தீங்க?" என்றார் லினார்ட். "மீட்பு வண்டி இருக்குல்ல? நான் நிஜமா விழுந்திருந்தா?"

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாகனம் வரக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கே" என்றார் குர்தின்.

"அதுக்காக?"

"போர்டுன்னா போர்டுதானே" என்றான் ஸ்ட்ரெச்சரின் முன்முனைக்காரன். பின்முனைக்காரன் தலையை ஆட்டினான். எங்கள் பள்ளத்தாக்கில் அதற்குமேல் விவாதம் கிடையாது.

ஐதா சுவர்மேல் உட்கார்ந்துவிட்டார். பிரிந்த முடியை அள்ளிக் கட்டிக்கொண்டார்.

"உனக்குத் தெரியுமா," என்றார், "இன்னைக்கு மாதிரி ஒரு நாள் நான் இந்த ரோட்டுல போனதே இல்ல. பின்னாடி அவ்ளோ அமைதி. நான் நினைச்சேன், மனுஷன் எனக்காக எப்படி அடக்கிட்டு வர்றான் பாருன்னு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கடை வாசல்ல இறங்கி, நாப்பத்தோரு வருஷத்துல முதல் தடவையா உன்னைப் பாராட்டிடலாம்னு திரும்பினேன். ரோடு காலியா இருக்கு!"

குர்தினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐதா அவரை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு கயிற்றுச் சுருளுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"அஞ்சு நிமிஷம் பாத்தேன். பத்து நிமிஷம் பாத்தேன். வேற யாராவது லேட்டா வந்தா லேட்டுன்னு விட்டுடலாம். நீ லேட்டா வந்தா செத்துட்டன்னுதானே அர்த்தம்? பள்ளத்துக்குள்ள கிடக்கறியோன்னு ஒவ்வொரு வளைவுலயும் எட்டிப் பாத்துட்டு வர்றேன். கூப்பிட்டா குரல் எடுபடல. அதான் ஹாரன் அடிச்சேன். என்ன பண்ணிட்டிருந்த இங்க?"

லினார்ட் சொல்லப்போனார். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. துமாஷ், இரண்டு விரல், கல், கம்பிவலை. ஒரு நல்ல கதைக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றார்.

"கேட்டுட்டிருந்தேன்" என்றார் கடைசியில்.

"எதை?"

அவர் பேசாமல் கீழே கைகாட்டினார். ஐதா குனிந்தார். மீட்புக் குழுவும் குனிந்தது. ஸ்ட்ரெச்சர்காரர்கள் கட்டை அவிழ்க்க நேரமில்லாமல் ஸ்ட்ரெச்சரோடு குனிந்தார்கள்.

டொக்.

"ஓ, கல்லா" என்றார் ஐதா. "ஆமா. சாயந்திரம் இன்னும் நல்லாக் கேக்கும். வெயில்ல உருகித் தண்ணி ஏறிடும்ல, பெரிய கல்லெல்லாம் கிளம்பும்."

"உனக்குத் தெரியுமா?"

"மூணு வருஷமா தெரியும்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"எப்பச் சொல்ல?" என்றார் ஐதா.

லினார்ட் மறுபடி ஆற்றின் பக்கம் குனிந்தார். ஆறு பேரும் சுவரில் சாய்ந்து, சந்தையில் மாடு பார்க்கிறவர்கள்போல ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குர்தினுக்குத்தான் முதலில் அடுப்பு நினைவு வந்தது.

"சூப் அடிப்பிடிச்சிருக்கும். வாங்க, மேல போலாம். பந்தயத்துக்கும் ஒரு தீர்ப்பு சொல்லணும்."

க்ரெஸ்டாவில் பார்லி சூப்பும் உலர்ந்த மாட்டிறைச்சியும் வைத்துக்கொண்டு தீர்ப்பு நடந்தது. உச்சநீதிமன்றம் அவ்வளவு தீவிரமாக உட்கார்ந்ததில்லை. குர்தின் கட்சி: லினார்ட் ஒரு வார்த்தை பேசவில்லை, வாயைத் திறக்கச் சொன்னதே ஐதாதான், அதனால் ஜெயித்தவர் லினார்ட். ஸ்ட்ரெச்சர் கட்சி: பின்னாடி வர வேண்டும் என்பது நிபந்தனை, வரவில்லை, அதனால் தோற்றவர் லினார்ட். போதாக்குறைக்கு, பழைய சாலையில் இன்று அதிகமாகச் சத்தம் போட்டவர் ஐதா என்று ஒருவன் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, சொன்னதைச் சூப்போடு சேர்த்துக் குடித்தான்.

லினார்ட் கலந்துகொள்ளவில்லை. கரண்டியை வைத்துவிட்டு ஐதாவைப் பார்த்தார்.

"நீ மெங்கியாகூடப் போயிட்டு வா" என்றார். "உனக்கு அது வேணும். இன்னைக்கு உன் தோளைப் பாத்தேன். நான் இங்க இருந்துக்கறேன். சாயந்திரம் பெரிய கல்லு கேக்கப் போவேன்."

லினார்ட் தனக்கு வேண்டியதை வேண்டாம் என்று சொல்லி அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் கேட்டதில்லை.

ஐதா ரொட்டியைப் பிய்த்தார். மெதுவாக மென்றார்.

"தனியா அந்தச் சுவர்மேல போய் உக்காந்துக்குவ. நான் பாஸாவ்ல உக்காந்து, இவன் பள்ளத்துல விழுந்தானா இல்லையான்னு பன்னிரண்டு நாள் யோசிக்கணும். அதானே?"

"நான் விழ மாட்டேன்."

"இன்னைக்குக் காலைல வரைக்கும் லேட்டாவும் வர மாட்டன்னுதான் நினைச்சேன்." தண்ணீர் குடித்தார். "நீ வா. ஆனா நீ முன்னாடி போகணும். நான் பின்னாடி வரேன். பேசணும்னு தோணிச்சுன்னா ரோட்டைப் பாத்துப் பேசு, காத்து அந்தப் பக்கம் எடுத்துட்டுப் போயிடும்."

"பேசத் தோணலைன்னா?"

"முதுகாவது தெரியும்ல."

குர்தின் கடைச் சுவரில் இருந்த போனை எடுத்து ஐதாவிடம் நீட்டினார். ஐதா மெங்கியாவின் எண்ணைச் சுழற்றி, மூன்று பேருக்கு அறை போடச் சொன்னார். மறுமுனையில் மெங்கியா போட்ட கூச்சல் போன் இல்லாமலேயே மலையைத் தாண்டி வந்திருக்கும். ஐதா காதிலிருந்து அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவள் மூச்சு வாங்கும் வரை காத்திருந்து, "சரி, சரி" என்று வைத்தார்.

"என்ன சொல்றா?" என்றார் லினார்ட்.

"ஒத்துக்கிட்டா. ஆனா கோபம். பாஸாவ் போய்ச் சேர்ற வரைக்கும் உன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டாளாம்."

லினார்ட் ரொட்டியைச் சூப்பில் தோய்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"பாவம்" என்றார். "அவளால முடியுமா?"